மாதோட்டத்து மணலிற் சீனப் பீங்கான்

2010ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், இலண்டன் மாநகரின் புறநகரொன்றில் நடைபெற்ற ஏலத்தில், சீனத்துப் பூச்சாடியொன்று 4 கோடி 30 இலட்சம் பவுணுக்குக் கேட்கப்பட்டது. இறந்துபோன ஒருவரின் வீட்டைத் துப்புரவு செய்தபோது கண்டெடுக்கப்பட்ட சாடி அது. பதினெட்டாம் நூற்றாண்டில், சியென்லுங் சக்கரவர்த்தியின் ஆட்சியில் வனையப்பட்டது. ஏலத்திற் கேட்டவர் பணத்தைக் கட்டவில்லை. 2013இல் அது வேறொருவருக்கு, அதனிலும் மிகக் குறைந்த விலைக்குக் கைமாறிற்று. எனினும் உலகப் பத்திரிகைகள் யாவும் அந்த முதல் விலையையே இன்றும் நினைவிற் கொண்டுள்ளன. வராத பணத்திற்கு இத்தனை புகழ்!

கிளிநொச்சியிலிருந்து மேற்கே பூநகரிக்குச் சென்று, அங்கிருந்து மன்னார் வீதியிற் தெற்கே திரும்பினால், திருக்கேதீச்சரம் அமைந்துள்ள மாதோட்டத்தை அடையலாம். அம்மண்மேட்டிலும் சீனத்துச் சாடிகள் உண்டு. ஆனால் அவை முழுச் சாடிகளல்ல. கழுத்தொடிந்தவை, அடி மட்டும் எஞ்சியவை, உள்ளங்கையளவு ஓட்டுத் துண்டுகள். பச்சை மெருகு ஏறிய அத்துண்டுகளுக்கு ஏலக்காரனிடம் விலையில்லை. சரித்திரம் கற்போனுக்கோ, இலண்டன் சாடி சொல்லாத பலவற்றை அவை சொல்லும். ஒன்று பூட்டிய பேழைக்குள் உள்ள பொருள். மற்றது மனிதர் புழங்கிய இடத்திலேயே கிடக்கும் சாட்சி. இவ்விரண்டுக்குமிடையே உள்ள தூரத்தைப் பற்றியே இங்கு சில சொல்ல விரும்புகிறேன்.

பழம் பீங்கான் சேகரித்தல் ஓய்வு நேரத்தார் பொழுதுபோக்கு என்றும், அழகுணர்ச்சியின் வெளிப்பாடு என்றும் கூறுவர். அழகுணர்ச்சியை நாம் மறுக்கவில்லை. ஆயின் அவ்வழகை உடைமையாக்கிக் கொள்ள உலகப் பெருந்தனக்காரர் கொடுத்த விலை எத்தகையது, அவ்விலையை உண்மையில் யார் கொடுத்தனர் என்று கேட்க வேண்டும்.

ஜெர்மனியின் சாக்சனி நாட்டு அரசன் இரண்டாம் அகஸ்டஸ் பீங்கான் பித்துப் பிடித்தவன். 1717ஆம் ஆண்டில், பிரஷ்ய மன்னன் பிரடெரிக் வில்லியத்தின் மாளிகைகளிலிருந்த 151 சீனப் பீங்கான்களைப் பெறுவதற்காக, அவன் தனது படையிலிருந்து 600 குதிரை வீரர்களைக் கொடுத்தான். காசு கொடுக்கவில்லை, மனிதரைக் கொடுத்தான். அவர்களைக் கொண்டு அமைந்த பிரஷ்யப் படைப்பிரிவைப் 'பீங்கான் பட்டாளம்' என்று அழைத்தனர். அச்சாடிகளுட் பெரியவை இன்றும் டிரெஸ்டன் நகரில் 'குதிரை வீரர் சாடிகள்' என்ற பெயருடன் நிற்கின்றன. ஒரு சாடிக்கு ஏறக்குறைய நான்கு வீரர். அச்சாடிகளின் நீலச் சித்திரங்களை வியந்து எழுதிய கலை விமரிசகர் பலருளர். கைமாறிய அறுநூற்றுவருள் ஒருவன் பெயரையேனும் எழுதியவர் அரியர். அதே அரசன், பொன் செய்யத் தெரியும் என்று சொன்ன பொட்கர் என்னும் இளைஞனைச் சிறைப்பிடித்து வைத்திருந்து, ஈற்றில் அவனைக் கொண்டு பீங்கான் செய்யும் இரகசியத்தைக் கண்டறிந்தான். 1710இல் மைசன் ஆலை எழுந்தது. ஐரோப்பியப் பீங்கான் பிறந்த அறை ஒரு சிறைக்கூடம் என்பது மிகையன்று.

அடுத்த நூற்றாண்டிற் பரிமாற்றத்துக்குப் பதில் பறிப்பு நடந்தது. 1860 அக்டோபரில், இரண்டாம் அபின் யுத்தத்தின் முடிவில், பிரித்தானிய, பிரெஞ்சுப் படைகள் பீக்கிங் நகருக்கருகே இருந்த யுவான்மிங்யுவான் அரண்மனையைக் கொள்ளையிட்டன. பின்னர் எல்ஜின் பிரபுவின் கட்டளைப்படி அது தீக்கிரையாயிற்று. இந்தியாவில் விளைவித்த அபினைச் சீன மக்கள் மீது திணிப்பதற்காக நிகழ்ந்த போர் அது. அப்போரிற் சென்னை இராணுவத்தின் சுரங்க வேலைப் படையினரும் கொண்டு செல்லப்பட்டிருந்தனர் என்பதைத் தமிழராகிய நாம் மறத்தலாகாது. ஏவியவன் வேறு, ஏவப்பட்டவனிடம் கருத்துக் கேட்டவர் எவருமிலர். ஐரோப்பிய ஏல மண்டபங்களில் 'அரண்மனைச் சரக்கு' என்ற பெயர் விலையேற்றும் மந்திரமானது அதன் பின்னரே.

சீனப் பீங்கான் சேகரித்தோருள் தலைசிறந்தவர் எனப் போற்றப்படும் பேர்சிவல் டேவிட் 1892இல் பம்பாயிற் பிறந்தவர். அவர் தந்தையார் பருத்தி வாணிபத்தாலும் ஆலைத் தொழிலாலும் செல்வம் குவித்த பிரமுகர். 1920களில், பீக்கிங் வங்கியொன்றில் அடகில் மூழ்கிய அரண்மனைப் பொருள்கள் சிலவற்றை டேவிட் வாங்கினார். ஏறக்குறைய 1,700 பொருள்களைக் கொண்ட அவர் சேகரிப்பு 2009 முதல் பிரித்தானிய நூதனசாலையில் வைக்கப்பட்டுள்ளது. அவர் கல்வியாளர், சீன மொழி பயின்றவர், தம் சேகரிப்பைப் பல்கலைக்கழகத்துக்கு வழங்கியவர். அவரைக் கொள்ளைக்காரரோடு சேர்த்தெண்ணுவது நீதியாகாது. எனினும் பம்பாய் ஆலையிற் பஞ்சுத் தூசியைச் சுவாசித்த தொழிலாளியின் உழைப்பு அப்பேழைகளுக்குள்ளும் ஒளிந்திருக்கிறது என்பதை எந்த விளக்கப் பலகையும் கூறுவதில்லை. அச்சேகரிப்பின் புகழ்பெற்ற இரட்டைச் சாடிகளிற் பொறிக்கப்பட்ட ஆண்டு 1351. சாங் வென்சின் என்னும் பக்தனொருவன் தன் குடும்ப நலம் வேண்டிக் கோவிலுக்கு நேர்ந்துவிட்ட சாடிகள் அவை. நேர்த்திக்கடன் பொருள் நூதனசாலைப் பொருளான கதை நமது கோவிற் படிமங்களுக்கும் புதியதன்று.

இனி, செய்தவர்களைப் பார்ப்போம். சீனத்தின் கியாங்சி மாகாணத்திலுள்ள ஜிங்தெசென் பல நூற்றாண்டுகளாகப் பீங்கானுக்கென்றே வாழும் நகரம். அங்கு வாழ்ந்த பிரெஞ்சுப் பாதிரியார் தாந்திரகோல் 1712இலும் 1722இலும் எழுதிய கடிதங்கள் ஐரோப்பாவுக்கு அத்தொழிலின் நுட்பங்களை உணர்த்தின. ஒரு பாத்திரம் எழுபது தொழிலாளர் கைகளைக் கடந்தே முற்றுப்பெறுகிறது என்று அவர் குறிப்பிடுகிறார். மண் இடிப்பவன், பிசைபவன், வனைபவன், கோடிழுப்பவன், பூ வரைபவன், மெருகில் தோய்ப்பவன், சூளை அடுக்குபவன், நெருப்புப் பார்ப்பவன் என நீளும் அவ்வரிசையில், மலையை வரைபவன் பறவையை வரைவதில்லை. ஆங்கில ஆலை முதலாளிகள் தொழிற் பிரிவினை என்பதைத் தம் கண்டுபிடிப்பாகப் பறைசாற்றுவதற்கு முன்பே ஜிங்தெசென் அதை நடைமுறையிற் கண்டிருந்தது. அதன் கொடுமையையும் கண்டிருந்தது.

1599ஆம் ஆண்டில் நிகழ்ந்ததாக அந்நகரத்து மரபு ஒன்று கூறும் கதை இது. வான்லி சக்கரவர்த்தியின் பெருந்தேவைக்காக, நாகம் வரைந்த மாபெருஞ் சாடிகள் செய்யுமாறு கட்டளை வந்தது. அத்தனை பெரிய சாடி சூளையில் நிலைக்கவில்லை, வெடித்தது, கோணிற்று. மேற்பார்வைக்கு அனுப்பப்பட்ட அரண்மனை அதிகாரி தொழிலாளரைச் சவுக்காலடித்தான், கூலியை நிறுத்தினான். அப்போது துங் பின் என்னும் சூளைத் தொழிலாளி எரியும் சூளைக்குட் பாய்ந்து உயிர் நீத்தான். மறுநாட் சூளை திறந்தபோது சாடி பழுதின்றி நின்றதாம். தொழிலாளர் கிளர்ந்தெழுந்தனர். பின்னர் அரசே அவனை நெருப்புத் தெய்வமாக்கிக் கோவில் எழுப்பிற்று. உயிரோடு இருந்தவனுக்குக் கூலி கொடாத அரசு, இறந்தவனுக்குக் கோவில் கொடுத்தது! வன்னியில் நாம் வழிபடும் காவற் தெய்வங்கள் பலவற்றின் கதையும் அநியாயமாய் மாண்டவன் கதையாகவே இருத்தல் ஈண்டு நோக்கற்பாலது.

மெருகின் இரகசியம் பற்றியும் ஒரு வார்த்தை. நமது ஊர்க் குயவர் சுட்டெடுக்கும் சட்டிக்குச் செந்நிறம் தருவது களிமண்ணிலுள்ள இரும்பு. சீனத்துப் பச்சைப் பீங்கானுக்கு அந்தக் குளிர்ந்த பச்சையைத் தருவதும் அதே இரும்புதான். மெருகிற் சிறிதளவே கலந்திருக்கும். காற்றுத் தாராளமாகப் புகும் நெருப்பில் அது சிவக்கிறது. காற்றடைத்த சூளையில், ஆயிரத்திருநூறு பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில், அது பசுமை கொள்கிறது. உலோகம் ஒன்று; நெருப்பை ஆளும் அறிவு வேறு. அந்நெருப்பை ஆளச் சீனத்துத் தொழிலாளி பல தலைமுறை உழைத்தான். அவனை மேலோன் என்றும் நமது குயவனைக் கீழோன் என்றும் பிரிப்பது நெருப்பறியாதார் பேச்சு.

நம் மொழியிற் சீனத்தின் தடம் சமையலறையிலேயே கிடக்கிறது. பீங்கான் என்ற சொல் பாரசீகத்திலிருந்து வந்தது. சீனத்துப் பொருளுக்குப் பாரசீகப் பெயர் வாய்த்ததே, அப்பொருள் யார் கையால் நமக்கு வந்தது என்பதற்குச் சான்று. நாம் தேநீரிற் கலக்கும் சீனி, தண்ணீரைத் தெளியவைக்கும் சீனக்காரம், திருவிழாவிற் கொளுத்தும் சீனவெடி எல்லாம் அந்நாட்டுப் பெயரையே சுமக்கின்றன. சாடி என்பதோ நமது பழஞ்சொல். ஊறுகாய் போடும் மெருகுச் சாடி யாழ்ப்பாணத்து வசதியான வீடுகளில் பாட்டியின் சொத்தாக மதிக்கப்பட்டது.

ஆனால் பாத்திரம் வெறும் பாத்திரமாக மட்டும் நம் சமுதாயத்தில் இருந்ததில்லை. உயர்ந்தோர் எனப்பட்டோருக்கு மூக்குப்பேணியும் பீங்கான் கோப்பையும். ஒடுக்கப்பட்டோருக்குச் சிரட்டையும் போத்தலும். யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளில் இவ்வநீதி 1960கள் வரை வெளிப்படையாக நிலவிற்று. 1966 ஒக்டோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், அதனைத் தொடர்ந்த தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்களும் ஒரு கோப்பைக்காக நடந்தவையே என்று சொன்னாற் பிழையில்லை. பாத்திரங்களின் வரலாறு எழுத விரும்பும் மாணவன் அரண்மனைச் சாடியிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. அந்தச் சிரட்டையிலிருந்து தொடங்கலாம்.

மாதோட்டத்துக்கு வருவோம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய பதி அது. பாலாவியின் கரையில், குதிரை லாடம் போன்ற வடிவில், இரட்டை அகழி சூழ எழுந்த மேடே பழைய துறைமுக நகரம். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடைப்பட்ட கடல் ஆழமற்றது. பெருங் கப்பல்கள் எளிதிற் கடக்கவொண்ணாத திட்டுகள் நிறைந்தது. ஆதலின் மேற்கிலிருந்து வந்த சரக்கும் கிழக்கிலிருந்து வந்த சரக்கும் இவ்விடத்தில் இறங்கிக் கைமாறின. இயற்கை இட்ட தடையே துறைமுகத்துக்கு வாழ்வளித்தது.

1887இலிருந்தே அங்கு இடையிடையே அகழ்வுகள் நடந்தன. 1950களின் தொடக்கத்தில் எஸ். சண்முகநாதன் தோண்டினார். பேரளவான ஆய்வு 1980இல் தொடங்கிற்று. ஜோன் கார்ஸ்வெல் என்னும் பிரித்தானிய அறிஞர் அதற்குத் தலைமை வகித்தார். 1984இல் யுத்தம் அவ்வேலையை நிறுத்திற்று. இறுதி அறிக்கை நூலாக வெளிவந்தது 2013இல். இடைப்பட்ட இருபத்தொன்பது ஆண்டுகளில் ஒரு தலைமுறை பிறந்து, வளர்ந்து, பெரும்பகுதி மடிந்தும் போயிற்று.

ஆய்வாளர் கண்டெடுத்தவை எவை? தாங் வம்சக் காலத்துச் சாங்ஷா நகரத்துச் சித்திரக் கிண்ணங்களின் துண்டுகள், யூவே சூளைகளின் பச்சைப் பீங்கான், வடசீனத்து வெண்பீங்கான், தென்சீனத்துப் பெரிய பச்சைச் சாடிகள். அவற்றோடு கூடவே பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த நீலப்பச்சை மெருகுச் சாடிகள், இந்தியக் கரையின் மட்கலங்கள். எனினும் இவையெல்லாம் சேர்ந்தும் ஒரு சிறு பகுதியே. பெரும்பகுதி மெருகற்ற, ஊர் மண்ணாற் செய்த சட்டி பானைகளின் ஓடு. ஏலக்காரன் கண்ணுக்கு முதலாவது கூட்டம் மட்டுமே தெரியும். அந்நகரிற் சோறு பொங்கியவர், நீர் சுமந்தவர், படகிலிருந்து மூட்டை இறக்கியவர் ஆகியோரது வாழ்வு இரண்டாவது கூட்டத்திலேயே இருக்கிறது.

2009, 2010ஆம் ஆண்டுகளில் மீண்டும் அங்கு அகழ்ந்தோர் மண்ணைச் சலித்துத் தானியங்களையும் தேடினர். 2018இல் வெளியான அவர்களது முடிவுகளில் நெல்லும் மிளகும் மட்டுமன்றிக் கராம்பும் இடம்பெற்றது. கராம்பு அக்காலத்தில் மொலுக்காஸ் தீவுகளில் மட்டுமே விளைந்தது. கி.பி. 900க்கும் 1100க்கும் இடைப்பட்டதெனக் கணிக்கப்பட்ட அவ்வொற்றைக் கராம்பு, ஏழாயிரம் கிலோமீற்றர் கடல் கடந்து வந்து, மாதோட்டத்து வீடொன்றிற் சிதறி விழுந்திருக்கிறது. இலண்டன் சாடியை விட எனக்கு அதுவே பெரும் வியப்பு.

சோழராட்சியில் மாதோட்டம் இராசராசபுரம் எனப் பெயர் பெற்றது. தாழிகுமரன் என்னும் சோழ நாட்டு அதிகாரி அங்கு இராசராச ஈச்சுரம் என்ற கோவிலை எடுப்பித்ததைச் சொல்லும் கல்வெட்டு இன்று கொழும்பு நூதனசாலையில் உள்ளது. அக்காலத்து மாதோட்டக் கல்வெட்டுகளில் வெற்றிலை வாணியரும் வாழைக்காய் வாணியரும் சங்கரபாடியாரும் பேசப்படுகின்றனர். எண்ணெயும் வெற்றிலையும் வாழைக்காயும் விற்றோர்! சீனக் கப்பல் வந்தாலும் வராவிட்டாலும் அவர்கள் கடை திறந்திருக்க வேண்டும். துறைமுகத்தின் முதுகெலும்பு அவர்களே.

சீனச் சரக்கு எவ்வாறு கப்பலேறியது என்பதை விளக்கிய பெருங் கண்டுபிடிப்பு இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே 1998இல் நிகழ்ந்தது. கடலட்டை பிடிக்க மூழ்கியோர் கண்ட அக்கப்பல், மேற்குக் கடலோடிகளின் முறையிற் பலகைகளைக் கயிற்றாற் தைத்துக் கட்டிய ஒன்பதாம் நூற்றாண்டுக் கலம். ஏறக்குறைய 60,000 பீங்கான்கள். பெரும்பாலானவை சாங்ஷாக் கிண்ணங்கள். பெரிய பச்சைச் சாடிகளுக்குட் கிண்ணங்களைச் சுருளாக அடுக்கி அனுப்பியிருந்தனர். மாதோட்டத்திற் கிடைத்த பெருஞ்சாடித் துண்டுகளும் சாங்ஷாத் துண்டுகளும் இவ்வினத்தவையே. அழகுச் சாடி என்று இன்று நாம் போற்றுவது அன்று பொதிப்பெட்டி. அச்சரக்கு முழுவதையும் வாணிக நிறுவனமொன்றே கடலிலிருந்து எடுத்து விற்றது. அதனைச் சிங்கப்பூர் வாங்கிற்று. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் நடத்தவிருந்த கண்காட்சி, இவ்வாறு வாணிக நோக்கோடு அள்ளியெடுத்தது முறையா என்ற ஆட்சேபத்தால் 2011இற் கைவிடப்பட்டது. அதற்கும் முன்னர், 1752இல் மூழ்கிய ஒல்லாந்தக் கப்பலொன்றின் ஒன்றரை இலட்சம் பீங்கான்கள் 1986இல் ஆம்ஸ்டர்டாமில் ஏலம் போயின. மூழ்கிய மாலுமிகளின் கல்லறையை எவரும் கேட்கவில்லை. (கடலட்டையைப் பற்றி ஒன்று: மன்னார், பூநகரிக் கரைகளிலிருந்து இன்றும் அது சீனச் சந்தைக்குச் செல்கிறது. பண்டம் மாறியிருக்கிறது; மூழ்குபவன் மாறவில்லை.)

மாதோட்டம் பதினோராம் நூற்றாண்டளவில் ஒளி மங்கியபோது பிற துறைகள் தலையெடுத்தன. யாழ்ப்பாணக் கடனீரேரியின் வாயிலில் உள்ள அல்லைப்பிட்டியில் 1977இல் வெளிப்பட்ட சீனப் பீங்கான் குவியல், பதினோராம் நூற்றாண்டின் இறுதியையும் பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் சார்ந்த சுங் வம்சத்துச் சரக்கு. 2018இல் ஷாங்காய் நூதனசாலையினர் வந்து அவ்விடத்தை மீண்டும் ஆய்ந்தனர். அதே காலத்திலேயே சோழர் தூதுவர் சீனம் சென்றனர்: 1015, 1033, 1077. சீனத்துச் சுவான்சௌத் துறையிற் சிவாலயம் எழுந்ததைக் கூறும் தமிழ்க் கல்வெட்டு 1281ஆம் ஆண்டுக்குரியது. நாகப்பட்டினத்தில் 1267இற் சீன எழுத்துப் பொறித்த செங்கற் கோபுரம் இருந்ததாகச் சீனப் பயணி வாங் தாயுவான் எழுதியுள்ளார். அந்நகரிற் 'சீனக் கோபுரம்' எனப்பட்டு எஞ்சி நின்ற கட்டடம் 1867இல் இடித்து வீழ்த்தப்பட்டது. இராமநாதபுரத்துப் பெரியபட்டினத்தில் 1987இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழ்ந்தபோது சீனத் துண்டுகள் குவியலாக வெளிவந்தன.

இக்கடல் உறவை அன்பும் அமைதியும் மட்டுமே நிறைந்ததாக வருணிப்போர் உண்டு. அவர்கள் காலி நகரத்து மும்மொழிக் கல்லைக் காட்டுவர். காட்டட்டும். செங் ஹோ என்னும் சீனக் கடற்படைத் தலைவன் கொணர்ந்த அக்கல்லிற் பொறித்த திகதி 1409 பெப்ரவரி 15க்கு இணையானது. சீன மொழியிற் புத்தருக்கும், தமிழில் தெனவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் இசுலாமியப் பரம்பொருளுக்கும் காணிக்கை கூறும் கல். ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி, பட்டு, நறுமண எண்ணெய், அவற்றோடு ஐந்து சோடி பழைமையான செம்புப் பூச்சாடிகள் எனப் பட்டியல் நீள்கிறது. ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்னரே சீன அரசவைக்குப் 'பழஞ்சாடி' மதிப்புள்ள காணிக்கைப் பொருள்! இலங்கையர் சீனத்தின் நீலப் பீங்கான் தட்டுகளையும் கிண்ணங்களையும் மிக விரும்பினர் என்று அப்பயணங்களிற் சென்ற மா ஹுவானும் எழுதினார். ஆனால் காணிக்கை வழங்கி இரண்டு ஆண்டுகள் கழியுமுன் அதே செங் ஹோ இலங்கை அரசன் அழகக்கோனாரைப் போரிற் பிடித்துச் சீனத்துக்குக் கொண்டு சென்றான். மூன்று தெய்வங்களுக்கும் சமமாகப் படைத்த கையே அவ்வாளையும் பிடித்தது. பேரரசு எம்மொழி பேசினாலும் பேரரசே. அக்கல்லோ, 1911இற் பொறியியலாளரொருவர் காணும்வரை, காலியில் ஒரு மதகின் மூடியாகக் கவிழ்ந்து கிடந்தது.

பேரரசின் காணிக்கையைவிட என் நெஞ்சைத் தொடுவது, அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வந்த பாகியானின் கதை. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அநுராதபுரத்து அபயகிரி விகாரையில், வணிகனொருவன் சீனத்து வெண்பட்டு விசிறியைப் புத்தர் படிமத்துக்குப் படைப்பதைக் கண்டு, நாடு நீங்கிப் பல்லாண்டாகிய அத்துறவி தன்னையறியாமற் கண்ணீர் சொரிந்தார். ஊரைப் பிரிந்தவனுக்கு ஊர்ப் பொருள் என்ன செய்யும் என்பதை வன்னி மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2008, 2009ஆம் ஆண்டுகளில் இடம்பெயர்ந்தோர் எத்தனையோ பேர் பாத்திரங்களையும் உடைமைகளையும் வளவில் கிடங்கு வெட்டிப் புதைத்துவிட்டுச் சென்றனர். திரும்பி வந்து தோண்டியோருக்குக் கிடைத்ததும் உண்டு, கிடைக்காததும் உண்டு, தோண்டுவதற்கு ஆளே வராததும் உண்டு. தொல்பொருளியலார் 'புதையற் குவியல்' என்று எழுதும்போது அச்சொல்லுக்குப் பின்னால் இத்தகைய ஓர் இரவு இருந்திருக்கக்கூடும் என்பதை நம் மாணவர் எளிதில் உணர்வர்.

மாதோட்ட ஆய்வின் அறிக்கை நூலாக வந்த அதே 2013ஆம் ஆண்டு டிசெம்பரில், திருக்கேதீச்சரத்துக்கு அண்மையில் நீர்க்குழாய் பதிக்க நிலம் வெட்டியோர் மனித எலும்புகளைக் கண்டனர். தொடர்ந்து தோண்டியபோது எண்பதுக்கு மேற்பட்டோரின் எச்சங்கள் வெளிவந்தன. சீனத்துக் கிண்ணத்தின் துண்டொன்றைக் கண்டு அது எந்தச் சூளையில், எந்த நூற்றாண்டிற் சுடப்பட்டது என்று துல்லியமாகக் கூறும் விஞ்ஞானம் நம்மிடம் உண்டு. அதே மண்ணிற் கிடந்த மனிதரின் பெயர் கேட்டு நிற்கும் உறவினருக்கு அவ்வளவு துல்லியமான பதில் இன்னும் கிடைக்கவில்லை. தோண்டும் கருவி ஒன்றே. கேட்கும் கேள்வியைத் தீர்மானிப்பது அதிகாரம்.

யுத்தத்தின் பின் வன்னியிற் புதையல் தோண்டுவோர் தொகை பெருகிற்று. பொன் கிடைக்கும் என்ற நம்பிக்கையோடு பழைய கோவிலடிகளையும் குளக்கட்டுகளையும் இரவிற் கிளறுகின்றனர். பொன்னைத் தேடுபவன் ஓட்டை எறிகிறான், மண்ணடுக்குகளைக் கலக்குகிறான். வறுமையால் மண்வெட்டி பிடிப்பவனைவிட, நகரத்திலிருந்து அவனை ஏவி, கிடைப்பதை வாங்கும் கனவானே குற்றத்தின் பெரும்பங்காளி. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் சட்டப்படி, மண்ணுள் மறைந்துள்ள தொல்பொருள் அரசுக்குரியது; உத்தரவின்றி வெளிநாடு அனுப்புவதும் குற்றம். 1815 மார்ச் 2க்கு முற்பட்டதே தொல்பொருள் என அச்சட்டம் எல்லை வகுக்கிறது. கண்டி ஒப்பந்தம் எழுதிய நாள் அது. வன்னியின் பழமைக்கும் கண்டியின் நாளே எல்லையானது சட்டம் எழுதியவரின் நோக்கைக் காட்டுகிறது.

சட்டம் இருந்தும் மக்கள் அதனை நம்பாமைக்குக் காரணமுண்டு. தொல்பொருள் என்ற சொல்லைக் கேட்டவுடன் நமது ஊர்களில் எழுவது அறிவார்வமல்ல. காணி போய்விடுமோ என்ற அச்சம். முல்லைத்தீவுக் குருந்தூர்மலைப் பிணக்கு அண்மைய உதாரணம். பழைய செங்கல்லைக் காணி உறுதியாக்கி, இது எங்கள் இனத்துக்கே உரியது என்று ஒரு தரப்பு முழங்க, மறு தரப்பும் அதே மொழியில் மறுமொழி கூறுகிறது. இவ்விருவருக்கும் மாதோட்டத்து ஓட்டுத் துண்டு சங்கடமானது. சீனத்தவன் சுட்டது, அராபியனோ பாரசீகனோ ஏற்றியது, தமிழ் வாணியன் விலை பேசியது, அநுராதபுரத்துப் பிக்குவோ மாதோட்டத்துச் சைவனோ முஸ்லிம் மாலுமியோ உண்டது. இதை எந்த இனத்தின் பெயரிற் பதிவது? ஒரே ஓட்டுத் துண்டுக்கு உறுதி முடிக்கத் தொடங்கினால் உலகின் பாதித் துறைமுகங்கள் பங்கு கேட்டு வரும்.

சேகரித்தலில் வேறொரு வகையும் உண்டு. ஜப்பானிய அறிஞர் நொபுரு கராஷிமாவும் எ. சுப்பராயலு முதலிய தமிழக ஆய்வாளரும் தென்னிந்தியக் கரைகளிலும் இலங்கையிலும் வயல்களையும் மணற்றிட்டுகளையும் நடந்தே கடந்து, சீன ஓடுகளை இடம் குறித்துத் தொகுத்தனர். 2004இல் அது நூலாயிற்று. அவர்கள் தேடியவற்றில் முழுச்சாடி ஒன்றும் இல்லை. பூநகரிப் பகுதியில் அத்தகைய கால்நடை ஆய்வைப் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் போர்ச் சூழலின் நடுவே செய்து 1993இல் நூலாக்கினார். கல்வி அங்கு பேழை கேட்கவில்லை. செருப்புத் தேய நடப்பதையே கேட்டது.

பூநகரி, இலுப்பைக்கடவை, மாதோட்டம் என்று நீளும் அக்கரையிற் பயிலும் மாணவர் நூற்றுக்கணக்கானோர். வயல் உழும்போதும் கிணறு வெட்டும்போதும் பச்சை மெருகுத் துண்டொன்று கிடைக்கலாம். அதைப் பள்ளி அலுமாரியில் அழகுக்கு வைப்பதால் பயன் சிறிது. கிடைத்த இடம், ஆழம், உடன் கிடந்த மெருகற்ற ஓடுகள், கண்ட நாள், கண்டவர் பெயர் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி, படமும் எடுத்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வரலாற்றுத் துறைக்கு அறிவிக்க வேண்டும். கண்டவர் கூலியாளாயின் அவர் பெயரையே முதலில் எழுத வேண்டும். பெலித்துங்கிற் கிடைத்த சாங்ஷாக் கிண்ணமொன்றிற் தொழிலாளி ஒருவன் சுடுமுன்னர் ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் கீறி வைத்தான்: பாவோலி இரண்டாம் ஆண்டு, ஏழாம் மாதம், பதினாறாம் நாள். அது கி.பி. 826. அக்கப்பலின் காலத்தை அறிஞர் நிச்சயித்தது அக்கீறலைக் கொண்டே.